உடன் கேட்டவர்

ஏப்ரல் மூன்றாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஓடெட் ரான்கூர் அந்தப் பாட்டைக் கேட்டாள். கேட்டதும் அவள் செய்த முதல் காரியம், தன் காதை நம்பாமல் இருந்தது.

நகராட்சிக் குடிநீர் நிலையத்துக்குப் பின்னால் ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த சரிவு ஒன்று இருந்தது. வெயில் படாத அந்தச் சரிவில் பனி இன்னும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு ஏழரைக்குத் தொடங்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, காரை நிறுத்திவிட்டு, வேலியோரம் நிற்பது அக்டோபரிலிருந்து அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. வீட்டில் காபி குடித்தால் எதிரே ஒரு காலி நாற்காலி இருக்கும். இங்கே அது இல்லை.

பாட்டு மறுபடியும் வந்தது. மிக மெலிந்த, உச்சத்தில் ஒலிக்கும் விசில். ஐந்தாறு சுரம்தான். கண்ணாடியில் யாரோ ஊசியால் ஒரு கோடு இழுத்து, கடைசியில் அதைக் கொஞ்சம் மேலே வளைத்துவிட்டதுபோல் இருந்தது. சரிவின் நடுவில் இருந்த பெரிய ஹெம்லாக்கில் பட்டையின் ஒரு துண்டு நகர்ந்தது. மரமேறிக் குருவி. பட்டையின் நிறத்திலேயே இருக்கும், கட்டைவிரல் அளவு உடம்பு. அடிமரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, உச்சியை எட்டியதும் அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்து போய் மறுபடி ஏறும். குளிர்காலம் முழுக்க அது இங்கேதான் இருந்தது. ஆனால் வாய் திறந்தது இன்றுதான்.

ஓடெட் நோட்டை எடுத்து நேரத்தை எழுதினாள். பிறகு, 'நிச்சயமா?' என்று எழுதினாள். பிறகு அதை அடித்தாள். வெள்ளியன்றும் சனியன்றும் வந்து கேட்டு, மூன்று நாள் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நூலகத்துக்குப் போனாள்.

வெஸ்ட் கார்லோ நூலகத்தின் முன் அறையில், ஜன்னல் பக்கத்து மேசை மேல், 'முதல் பாட்டுப் புத்தகம்' இருந்தது. 1931-இல் ஒரு பள்ளி ஆசிரியை தொடங்கியது. இப்போது ஓடுவது ஒன்பதாவது தொகுதி. வசந்தத்தில் எந்தப் பறவை முதன்முதல் பாடியது, என்றைக்கு, எங்கே, கேட்டது யார் என்று ஊரார் எழுதி வைப்பார்கள். பார்த்தது கணக்கில் வராது. பாடியதைக் கேட்டிருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'உடன் கேட்டவர்.' தொடக்கத்தில் அந்தக் கட்டம் இல்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேர் நீலக்குருவியை முதலில் கேட்டது நான்தான், நான்தான் என்று வருஷா வருஷம் தேதியை முன்னால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒருவர் ஜனவரிப் பனிப்புயலில் கேட்டதாக எழுதிவிட்டார். அடுத்த வருஷம் இந்தக் கட்டம் வந்தது. இரண்டு ஜோடிக் காது கேட்டால்தான் மை. ஒரு ஜோடி என்றால் பென்சில். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பான்கேக் சாப்பாட்டின்போது, மையில் இருப்பதை மட்டும் உரக்கப் படிப்பார்கள்.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நூலகர் ட்ரூடி வார்னர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓடெட்டைப் பார்த்தாள்.

"என்ன குருவி?"

"மரமேறி."

"இந்த வருஷம் யாரும் இன்னும் எழுதல. நல்ல விஷயம்தான். உடன் கேட்டவர் யாரு?"

"யாரும் இல்ல. தனியாத்தான் நின்னேன். போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கேன், கேக்கறீங்களா?"

"போன் உன்கூட நின்னதா ஆகாது, ஓடெட்." ட்ரூடி சத்தமில்லாமல் பென்சிலை நகர்த்தி வைத்தாள். "போன வருஷமும் பதிவு பண்ணித்தானே வெச்சிருந்த?"

ஓடெட்டின் கண் புத்தகத்துக்குப் போயிற்று. போன வருஷத்துப் பக்கம் இரண்டு தாள் தள்ளித்தான் இருந்தது. மார்ச் 22, பியூவி, ஓடெட் ரான்கூர். உடன் கேட்டவர், கென்ட்ரிக் ஆஷ். அந்த வரி முழுவதன் மேலும் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் ட்ரூடியின் குண்டு எழுத்தில் ஒரே ஒரு சொல், 'ஸ்டார்லிங்.'

பியூவி என்பது தென் அமெரிக்காவிலிருந்து வரும் சின்னப் பூச்சிபிடிப்பான். மே மாதம் இருபதாம் தேதிக்கு முன்னால் இந்தப் பக்கம் தலைகாட்டாது. தன் பெயரையே இழுத்து இழுத்துப் பாடும். ஸ்டார்லிங் நம் மைனாவுக்குச் சொந்தம். வருஷம் பூராவும் ஊரிலேயே கிடந்து, கேட்ட பாட்டையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, குளிர் விடும் சமயத்தில் கூரை மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடும். மார்ச்சில் பியூவி கேட்டால் அது ஸ்டார்லிங் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஓடெட்டுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டு அவ்வளவு துல்லியமாக இருந்தது. காலம் மாறி வருகிறது, இப்போதெல்லாம் எல்லாமே முன்னதாக வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பதிவை நான்கு தரம் ஒப்பிட்டாள். ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? பியூவியின் பாட்டை மனப்பாடமாக அறிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஆனால் அப்படிச் சொல்லி யாரும் அவளைத் தேற்றவில்லை. "உன் பியூவி எப்படி இருக்கு?" என்றுதான் ஒரு வருஷமாகக் கேட்டார்கள்.

மரமேறியைப் பென்சிலில் எழுதினாள். கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டாள்.

"ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போ," என்றாள் ட்ரூடி. "யாரா இருந்தாலும் சரி. வந்து கேட்டேன்னு சொல்லட்டும், நான் மைப்புட்டியைத் திறக்கறேன்."

யாராக இருந்தாலும் சரி. காரில் உட்கார்ந்து அவள் நோட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதப் பார்த்தாள். நிலையத்தில் அவளோடு வேலை செய்யும் லாய்ட் எட்டு மணிக்குத்தான் வருவான். அக்கா மெய்ன் மாநிலத்தில். கீழ்வீட்டுக்காரர் குளிர்காலத்துக்கு ஃப்ளாரிடா போனவர், இன்னும் திரும்பவில்லை. நான்காவது பெயர் வரவில்லை. ஏழு வருஷமாக இதே ஊரில் இருக்கிறாள். பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்து, கிழிக்காமல் மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கென்ட்ரிக்குக்குப் போன் செய்தாள். மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அக்டோபரில் அவன் அரிசோனாவில் வேலை என்று போனான். கூட வருகிறாயா என்று கேட்டான், அவள் யோசிக்கிறேன் என்றாள், இரண்டு பேரும் அதற்கு மேல் அதைப் பேசவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை.

"என்ன, ஹீட்டர் மறுபடி நின்னுடுச்சா?" என்றான் எடுத்ததும்.

"இல்ல. ஒரு விவரம் வேணும். போன வருஷம் அந்த பியூவி..."

"ஐயோ, அதை இன்னும் விடலையா நீ?"

"கேளு. அன்னிக்குச் சத்தம் உனக்குக் கொட்டகைக் கூரைப் பக்கமிருந்து வந்துச்சா, மேப்பிள் மரத்துப் பக்கமிருந்தா? எனக்கு மரத்துப் பக்கம்னு ஞாபகம். கூரைன்னா அப்பவே ஸ்டார்லிங்னு தெரிஞ்சிருக்கணும். நான் எங்க தப்புப் பண்ணேன்னு எழுதி வெக்கணும், அதுக்குத்தான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு நின்றது.

"ஓடெட், நான் எதையும் கேக்கல."

"அன்னிக்கா?"

"என்னிக்குமே."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்கியே."

"நீ கையைத் தூக்குவ. உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். சரி, ஏதோ பாடுது போலன்னு நானும் தலையாட்டுவேன். குருவிச் சத்தமெல்லாம் எனக்கு ஒண்ணுதான். எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"பதினேழு கையெழுத்து, கென்ட்ரிக்."

"எண்ணி வெச்சிருக்கியா!" சிரித்தான். "நீ சந்தோஷமா இருந்த. அதை எதுக்குக் கெடுக்கணும்? இதுல என்ன தப்பு? இப்பவும் வேணும்னா என் பேரை எழுதிக்கோ. அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தேன்னு சொல்றேன். ட்ரூடி என்ன, விமான டிக்கெட்டா கேக்கப் போறா?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஹீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தாள். மூன்று வசந்தம். ராபின், பாட்டுக் குருவி, சதுப்பில் சாயங்காலம் பாடும் துறவிப் பூங்குருவி. ஊரார் வாயில் அதன் பெயர் துறவி மட்டும்தான். 'நானும் கென்ட்ரிக்கும் கேட்டோம்' என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தாள். அவை பொய் இல்லை, பறவைகள் பாடத்தான் செய்தன. ஆனால் 'நாங்கள்' என்று எழுதிய இடத்திலெல்லாம் நின்றது ஒருத்திதான். திருத்தலாமா என்று பென்சிலைக் கையில் எடுத்தாள். பதினேழு இடம். முதல் இடத்தில் 'கென்ட்ரிக்கும்' என்பதை அடித்துப் பார்த்தாள். வாக்கியம் நொண்டியது. அப்படியே வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு. தொடக்கப் பள்ளியின் நூலக அறையில், குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் இடிக்க ஆறு பேர் உட்காருவார்கள், ஓடெட்டும் அவர்களில் ஒருத்தி. 'வசந்தமும் பாட்டும்' என்று எட்டு வாரப் பாடம். கவிதை, தேவாலயப் பாடல், மலைப்பக்கத்துப் பழைய பாட்டு, காட்டில் அலைந்தவர்களின் நாட்குறிப்பு எல்லாம் படித்துவிட்டு, தாங்களும் நாட்குறிப்பு எழுதி வந்து வாசிக்க வேண்டும். நடத்துபவன் பென்னெட் பார்லோ. பகலில் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவன். ஓடெட்டைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.

மூன்றாவது வாரத்திலேயே ஓடெட் ஒன்றைக் கவனித்திருந்தாள். கவிதைகளில் பறவையும் ஒன்று, கேட்கிறவரும் ஒருவர். பாட்டுகளில் வசந்தம் திரும்பி வரும், போன ஆள் வரமாட்டார். நாட்குறிப்புக்காரர்கள் தனியாகப் பன்னிரண்டு மைல் நடந்து, தனியாகத் திரும்பி வந்து எழுதுவார்கள். அவள் ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தாள். படித்தவை இருபத்துமூன்று. இருபத்தொன்றில் கேட்டவர் ஒரே ஆள். மீதி இரண்டில் ஒன்றில் கூட இருந்தது நாய். அட்டவணையை யாரிடமும் காட்டவில்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும் என்று தோன்றியது.

"ஓடெட், இன்னிக்கு நீங்க வாசிக்கறீங்களா?" என்றான் பென்னெட்.

அவள் எழுந்து நின்றாள். பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தபடியே வாசித்தது ஞாபகம் வந்தது. "ஏப்ரல் மூன்று. ஆறு ஐம்பத்திரண்டு. உறைநிலைக்குக் கீழே இரண்டு டிகிரி. காற்று இல்லை. மரமேறி, பெரிய ஹெம்லாக்கில், தரையிலிருந்து சுமார் பன்னிரண்டு அடியில். பதினேழு நிமிடத்தில் ஒன்பது முறை..."

"இது என்ன, தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டா?" பின்வரிசையிலிருந்து ஜூனி பிக்ஃபோர்டின் குரல். அந்த அம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது. மர அறுவை ஆலையில் இழைப்பு மெஷினில் இருபத்துநாலு வருஷம் நின்றவள். ஆலை மூடியபின் வாரத்துக்கு ஒரு வகுப்பில் சேருவாள். போன தடவை கேக் அலங்காரம். "குளோரின் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே, பொண்ணே!"

சிரிப்பு எழுந்தது. மேப்பிள் பாகு காய்ச்சும் ஹாலிஸும் சேர்ந்துகொண்டான். "பியூவி நல்லா இருக்கா, ஓடெட்? இது நெஜமாவே மரமேறிதானா? பாத்து. யார் வீட்டுக் கோழியாவது மரத்துல ஏறியிருக்கப் போகுது."

பென்னெட் மேசையைத் தட்டினான். "மரமேறிக்கு யாராவது கவிதை எழுதியிருக்காங்களா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. எல்லாரும் துறவி பின்னாடியே போயிட்டாங்க."

"அதுக்குக் குரல் இருக்கு, எழுதுனாங்க," என்றான் ஹாலிஸ்.

ஓடெட் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். இப்போது உட்கார்ந்தால் இதற்கு மேல் கேட்கவே முடியாது என்று தெரிந்தது. "நாளைக்குக் காலைல யாராவது வர முடியுமா?" என்றாள். "தண்ணி நிலையத்துக்குப் பின்னாடி. ஆறரைக்கு. பதினஞ்சு நிமிஷம் போதும். உடன் கேட்டவர் கட்டம் காலியா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அதற்குச் சிரித்திருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு. ஹாலிஸுக்கு அடுப்பில் பாகு. ஒருத்திக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இன்னொருவர் வீட்டுச் சாலையில் சேறு சக்கர அச்சு வரைக்கும், கார் வெளியே வருவதே எட்டு மணிக்கு மேல்தான். எல்லாம் உண்மையான காரணங்கள். பென்னெட் நாற்பது மைல் தள்ளி இருப்பவன்.

"நான் வரேன்," என்றாள் ஜூனி. "என் வண்டி சேத்துல மாட்டாது. மாட்டுனா நீ வந்து தள்ளு."

போயும் போயும் ஜூனியா என்று இருந்தது ஓடெட்டுக்கு. 'உன் பியூவி எப்படி இருக்கு?' என்று கேட்க ஆரம்பித்ததே அவள்தான்.

புதன்கிழமை காலை ஆறு இருபத்தைந்துக்கு ஜூனியின் வண்டி குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. கதவை அறைந்து மூடினாள். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் காகிதப் பையில் டோனட். "சர்க்கரை போட்டது ரெண்டு, போடாதது ரெண்டு. நீ போடாத சாதிதானே? பாத்தாலே தெரியுது."

"மெதுவாப் பேசுங்க, ஜூனி."

"இதுவே மெதுவாத்தான்."

இரண்டு பேரும் வேலியோரம் நின்றார்கள். குளிர் உறைநிலையில் இருந்தது. கீழே எங்கேயோ ஓடை பனிக்கட்டிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ராபின் பாடியது. "ராபின்," என்றாள் ஜூனி உடனே, பள்ளிக்கூடத்தில் கை தூக்குவதுபோல். ஒரு காகம். "காகம். நான் தேறிடுவேன் போலிருக்கே." ஓடெட் சிரித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆறு நாற்பத்தொன்பதுக்கு மரமேறி பாடியது. வழக்கமான மரம்தான், கொஞ்சம் கிட்டத்திலேயே. ஓடெட்டின் கை தானாக மேலே எழுந்தது.

"எங்க?" என்றாள் ஜூனி.

"இப்ப பாடுச்சே. இருங்க, மறுபடி பாடும்."

மறுபடி பாடியது. ஓடெட் திரும்பினாள். ஜூனி மரத்தைப் பார்க்கவில்லை. ஓடெட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தைச் சுருக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் புத்தகத்தைப் பார்ப்பதுபோல்.

"என் மூஞ்சியைப் பாக்காதீங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "தயவு செஞ்சு. மரத்தைப் பாருங்க. இல்லன்னா கண்ணை மூடிக்கோங்க."

ஜூனி எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடினாள். ஓடெட் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு இறுக்கி வைத்துக்கொண்டாள். முகம் எதையும் காட்டக் கூடாது என்று தரையைப் பார்த்தாள். பாட்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது இருபதடி தூரத்தில், இதற்கு மேல் தெளிவாக முடியாது என்கிற மாதிரி வந்தது. 'கேட்டேன் என்று சொல்லு' என்று அவள் மனதுக்குள் ஓடியது. 'கேட்டிருந்தாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, சொல்லிவிடு.' அப்படி நினைத்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஜூனி கண்ணைத் திறந்தாள்.

"இல்ல, கேக்கல," என்றாள்.

"ஒண்ணுமேவா?"

"ஓடைச் சத்தம் இருக்கு. அந்த ராபின் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல." அவள் காதைத் தேய்த்துக்கொண்டாள். "எத்தனை தரம் பாடுச்சு?"

"அஞ்சு. கடைசி ரொம்பக் கிட்ட. அதோ, அந்த மரத்துல, பட்டையில நகருதே, தெரியுதா?"

ஜூனி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். குருவி தெரிந்தது அவளுக்கு. அதன் சின்ன அலகு திறந்து மூடுவதும், தொண்டை துடிப்பதும் தெரிந்தது. அந்த நேரம் ஓடெட்டுக்குப் பாட்டும் கேட்டது.

"இப்ப பாடுதா?"

"பாடுது."

ஜூனி பிளாஸ்கின் மூடியைத் திறந்தாள், ஊற்றாமல் மூடினாள். "எங்க வீட்டுப் பின்னாடி இதே மரம்தான். கல்யாணமான புதுசுல ஜன்னலைத் திறந்தா இது பாடும். இதும், அந்தக் கிரீடம் வெச்ச பொடிக் குருவியும். அப்புறம் நின்னு போச்சு. பதினஞ்சு வருஷமா காணோம். மருந்தடிச்சுக் கொன்னுட்டானுங்க, மரம் வெட்டி வெரட்டிட்டானுங்கன்னு ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சுக் கத்தியிருக்கேன், தெரியுமா? ரெண்டு தரம்." மூக்கை உறிஞ்சினாள். "மெஷின் பக்கத்துல காதுக்குப் பஞ்சு வெச்சுக்கோன்னு சொன்னாங்க. யார் வெச்சா?"

ஓடெட் காகிதப் பைக்குள் கையை விட்டாள். ஒரு டோனட்டை எடுத்து நீட்டினாள். சர்க்கரை போட்டது. ஜூனி வாங்கிக்கொண்டாள்.

"சரி விடு," என்றாள் மென்றுகொண்டே. "நான் கையெழுத்துப் போடறேன். கண்ணால பாத்தேன், வாய் தெறந்துச்சு. ட்ரூடிக்கு என்ன தெரியப் போகுது?"

"வேண்டாம், ஜூனி."

"ஏன் வேண்டாம்? பாடுச்சுல்ல? பொய்யா?"

"பாடுச்சு. ஆனா நீங்க கேக்கலையே."

"பிடிவாதக்காரி," என்றாள் ஜூனி. ஆனால் வற்புறுத்தவில்லை. ஏழே கால் வரைக்கும் நின்றாள். ஒவ்வொரு முறையும், "இப்பவா?" என்று கேட்டாள். ஓடெட், "இப்ப," என்றாள். சில தடவை ஜூனி கேட்காதபோதும் பாடியது. அதை ஓடெட் சொல்லவில்லை.

சாயங்காலம் நூலகத்துக்கு ஜூனியும் வந்தாள். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ட்ரூடி மைப்புட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜூனி பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, கடைசிக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்துக்கு வழிந்தது. 'கூட நின்றேன். எனக்குக் கேட்கவில்லை. ஜூ. பிக்ஃபோர்ட்.'

ட்ரூடி அதை இரண்டு முறை படித்தாள். "இது செல்லாது, தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள் ஓடெட்.

"தொண்ணூறு வருஷத்துல யாரும் இப்படி எழுதினதில்ல."

"அழிக்கணும்னா அழி," என்றாள் ஜூனி. "ஆனா ரப்பரை என் கண்ணு முன்னாடி எடுக்காத."

ட்ரூடி அழிக்கவில்லை. மைப்புட்டியை மூடி இழுப்பறையில் வைத்தாள்.

பன்னிரண்டாம் தேதி ஹாட்ச் தம்பதி ஏரிக்கரையில் மரமேறியைக் கேட்டார்கள். இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து, மை. ஓடெட் அதை அடுத்த வாரம் புத்தகத்தில் பார்த்தாள். கணவனும் மனைவியும் ஒரே பேனாவில் எழுதியிருந்தார்கள். அவள் தொடர்ந்து வேலியோரம் வந்துகொண்டுதான் இருந்தாள். ஜூனி அதற்குப் பிறகு காலையில் வரவில்லை. வகுப்பில் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. 'பியூவி எப்படி இருக்கு' என்று கேட்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் நாற்காலியை அடுக்கும்போது, "இன்னும் பாடுதா?" என்று கேட்டாள். "பாடுது," என்றாள் ஓடெட். "எப்போ நிக்கும்?" "ஜூன்ல." "சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எதைச் சொல்ல வேண்டும் என்று ஓடெட்டுக்குப் பிடிபடவில்லை.

மே இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தின் கீழ்த்தளம் முழுக்க வெண்ணெயும் பாகும் மணத்தன. ட்ரூடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ராபின், இன்னார் இன்னார். பாட்டுக் குருவி, இன்னார் இன்னார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். ஓடெட் கதவுக்குப் பக்கத்து மேசையில், நிலையத்து லாய்டுக்கும் அவன் மனைவிக்கும் எதிரே உட்கார்ந்திருந்தாள். தட்டில் பான்கேக் ஆறிப்போய்க் கிடந்தது.

"மரமேறி. ஏப்ரல் பன்னிரண்டு. கார்டன் ஹாட்ச், உடன் கேட்டவர் மில்லிசென்ட் ஹாட்ச்."

"மூணாம் தேதியே பாடுச்சு!"

அறை திரும்பிப் பார்த்தது. ஜூனி பிக்ஃபோர்ட் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தாள்.

"யார் கேட்டது, ஜூனி?" என்றாள் ட்ரூடி பொறுமையாக.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு!"

"ஒன்பதாம் தேதி நீயும் போனியே. நீ கேட்டியா?"

"இல்ல!" என்று முழங்கினாள் ஜூனி.

சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. ஹாலிஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். திருமதி ஹாட்ச் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓடெட்டும் சிரித்தாள். காது சூடேறியது, ஆனால் சிரித்தாள். ஜூனி மட்டும் சிரிக்கவில்லை. நியாயம் கேட்பதுபோல் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்து, தட்டில் இருந்ததைத் தின்ன ஆரம்பித்தாள். ட்ரூடி அடுத்த பறவைக்குப் போனாள்.

ஓடெட் நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். ஜூனி அருகே போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று பாதி வழியில்தான் தோன்றியது. எப்போதும் பாதி வழியில்தான் தோன்றும். சாலையோரத்துச் சேறு காய்ந்து புழுதியாகியிருந்தது. பள்ளிக்கூடத்து ஆஷ் மரத்தில் இலை விட்டிருந்தது.

மரத்திலிருந்து பாட்டு வந்தது. பி-யூ-வீ. இழுத்து, கடைசியில் கேள்வி கேட்பதுபோல் உயர்த்தி. கொஞ்சம் நிறுத்தி, இந்த முறை கீழே இறக்கி, பதில் சொல்வதுபோல்.

ஓடெட் நின்றாள். தேதி சரி. மரம் சரி. இன்றைக்கு இதை யார் கேட்டாலும் பியூவி என்றுதான் சொல்வார்கள். அவள் தலையைத் தூக்கி இலைகளுக்கு நடுவே தேடினாள். பறவை தெரியவில்லை. பள்ளிக்கூடக் கூரை மேலும் ஒரு முறை பார்த்தாள், ஸ்டார்லிங் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று. கூரை காலியாக இருந்தது. மறுபடி பாடியது. அவள் கை பாதி உயர்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் நின்றது.

பிறகு கையை இறக்கி, நோட்டை எடுத்து, மணி பார்த்தாள். பதினொன்று இருபது. அவள் நோட்டில் தானே கோடு போட்டு வைத்திருந்த கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. காலியாக விடலாம் என்று நினைத்தாள். பிறகு, 'ஜூனியைக் கேட்க வேண்டும். இது மரமேறியைவிடத் தாழ்ந்த குரல். இது அவளுக்குக் கேட்கலாம்' என்று எழுதினாள். எழுதியதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, தேவாலயத்தை நோக்கித் திரும்பி நடந்தாள். பான்கேக் இன்னும் மீதம் இருக்கும். ஜூனி போயிருக்கவும் கூடும்.